பாதியில் கழற்றிய மாலை

"யாரு மாஸ்டர் போனது?"

காலை ஏழு மணிக்கு முதல் ஆள் கேட்ட கேள்வி இதுதான். நான் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுத்தில் மாலை இல்லை. இடுப்பில் கறுப்பு வேட்டி இல்லை, நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தேன். பதினாறு நாள் தாடி மட்டும் அப்படியே இருந்தது. விரதத்துக்கும் அதே தாடிதான், துக்கத்துக்கும் அதே தாடிதான். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

ஐயப்பனுக்கு மாலை போட்டவன் நாற்பத்தெட்டு நாள் முடியும்வரை கழற்றக் கூடாது. இடையில் கழற்றுகிறான் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்திருக்கிறது. எட்டு மணிக்குள் தோட்டமே சேர்ந்து என் வீட்டில் யாரையோ கொன்றுவிட்டது.

பாடசாலைக்குப் போனேன். அதிபர் என் தோளில் கைவைத்து, "லீவு கடிதம் அப்புறம் குடுக்கலாம், மொதல்ல பஸ்ஸப் பிடிங்க" என்றார். கீழே ரோட்டோரக் கடைக்காரர் ஒரு சிங்கள மனிதர், தங்கமானவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "கவுத மெருனே, மாஸ்டர்? அம்மத?" என்று கேட்டார். செத்தது யார், அம்மாவா என்றுதான். நான் பதில் சொல்லுமுன் சாவு வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் பார்சல் கட்டிவிட்டார். என் அம்மா அப்போது அரநாயக்கப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், நல்ல சுகத்தோடு, பக்கத்து வீட்டோடு கோழிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் சாகலங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நம்பினார்களா? "பாவம், மனசு ஒடஞ்சி பேசுறாரு" என்றார்கள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நான் கெட்டுப்போவது இருக்கட்டும், ஒரு பெண்ணின் பெயர் அன்றோடு மண்ணாகியிருக்கும்.

ஒரு கடிதம்

பாடசாலையில் சமய பாடம் ஒழுங்காக நடந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆசை வழியில் கெட்டுப்போகமாட்டார்கள், நீங்கள் ஏன் அதைப் பற்றி எழுதவில்லை என்று என் பத்தியை வாசிக்கும் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். ஐயா, நான் சமய பாடமும் படிப்பித்தவன்தான். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். ஆனால் நீங்கள் கேட்கும் விஷயத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். அதைச் சொல்லிவிடுகிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்துப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. மாஸ்டருக்குக் குவாட்டர்ஸ் உண்டு என்று கடிதத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் அதில் மாடு கட்டியிருந்தார்கள்.

அப்போது எனக்கு இடம் கொடுத்தவர் தங்கவேல் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் அவர், அம்மா காளியம்மா, மனைவி சரசு. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு என்றால் உள்ளே காம்பரா என்று ஒரே அறை, வெளியே இஸ்தோப்பு என்று ஒரு முன் தாழ்வாரம், அவ்வளவுதான். காம்பராவில் அவர்கள். பாதி தட்டி அடைத்த இஸ்தோப்பில் நான், என் பாய், பயிற்சிக் கொப்பிகள்.

அடுத்த மாதமே அண்ணனுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை கிடைத்தது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் மலையகத்துப் பையன் கொழும்பில் வேலை செய்வதென்றால் பாதி நாள் ஐடென்டிட்டி கார்ட்டைக் காட்டிக்கொண்டே கழியும். நினைத்த நேரம் வர முடியாது. போகும்போது என் கையைப் பிடித்து, "நீ இருக்கங்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார்.

கேட்டும் கேட்காத சுவர்

லயத்தில் வளராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறாம் வீட்டில் தும்முவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் மாமியார், மாமனார், கொழுந்தன், புதுமணத் தம்பதி எல்லாரும். பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று வெளியாட்கள் ஆச்சரியப்படுவார்கள்.

பிறந்தன. ஏனென்றால் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. புதுசாகக் கல்யாணம் முடிந்த வீட்டில் பெரியவர்கள் சாப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போவார்கள். பேச்சு முடியவே முடியாது. அடுத்த வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். காதில் விழுந்தது எதையும் மறுநாள் பீலிக்கரையில் யாரும் பேசமாட்டார்கள். அடேயப்பா, எதற்கெடுத்தாலும் வாய் கிழியப் பேசுகிற எங்கள் சனம், இந்த ஒன்றில் மட்டும் வாய் திறக்காது. எந்தக் குருக்கள் இதைச் சொல்லிக்கொடுத்தார்? யாருமில்லை.

நான் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும்போது, இஸ்தோப்பில் படுத்திருந்த எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சரசு அண்ணி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தால் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு பார்க்காமல் இருக்கக் கஷ்டமாக இருந்தது. ஆசைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப இந்த வயதில் எனக்கு அவசியமில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, தலைக்கயிறு அழுத்திய நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவர் வாசலில் உட்காரும்போது, திருத்திக்கொண்டிருந்த கணக்குகள் எல்லாம் எனக்குப் பிழையாகத் தெரியும்.

பூட்டு வாங்கப் போனவன்

கார்த்திகை வந்தது. லொறி ட்ரைவர் செல்லையாதான் எங்கள் குருசாமி, என் வயதுக்காரர். அவரிடம் போய் மாலை போட்டுக்கொண்டேன். ஆகா, மாஸ்டருக்கு என்ன பக்தி என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும்தான் தெரியும், நான் போனது சாமியைத் தேடி அல்ல, என்னைப் பூட்டி வைக்க ஒரு பூட்டுத் தேடி.

அங்கேதான் மண்டைக் கோளாறு. மாலை போட்டால் பெண்ணை விட்டு விலகி இருக்கலாம் என்று கணக்குப் போட்டேனே, மாலை போட்டவனுக்குச் சுத்தமாகச் சமைத்துக் கொடுப்பது யார் என்று யோசித்தேனா? சரசு அண்ணிதான். விடிய நான்கு மணிக்கு எழும்பி, அந்தக் குளிரில் பீலியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து எனக்குத் தனிச் சட்டியில் சமைத்தார். அதற்குப் பிறகு ஏழு மணிக்கு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தார். முன்பெல்லாம் காளியம்மா போட்ட சோற்றை, இப்போது அண்ணி ஈரத் தலையோடு வந்து, "சாமி, சாப்புடுங்க" என்று பரிமாறினார். ஐயோ சாமி!

இதைவிடப் பெரிய வேடிக்கை அடுத்தது. காளியம்மா நிவித்திகலப் பக்கத்தில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. சாதாரணமாக என்றால் காளியம்மா மருமகளையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார், அல்லது என்னை வேறு வீட்டில் படுக்கச் சொல்லியிருப்பார். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினார். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ இழுத்ததற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"ஊட்டுல சாமி இருக்கு. எனக்கு என்னா பயம்?"

சாமிக்குத்தான் பயம்.

இரண்டாவது வாரம் அண்ணிக்கு மாதவிலக்கு. சாமி இருக்கிற வீட்டில் தங்கக் கூடாது என்று கடைசி வீட்டுக்குப் போய் ஐந்து நாள் சாக்கில் படுத்தார். ஏன் போனார் என்று லயம் முழுக்கத் தெரியும், ஆம்பிளைகள் உட்பட. அவர் தலை குனிந்து போனதை நான் பார்த்தேன். என் கண்ணை நான் கட்டிவைக்க முடியாததற்கு அந்தப் பெண் குளிரில் குளித்தார், வீட்டை விட்டும் போனார். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்காக இன்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினைந்தாம் நாள்

அன்று மத்தியானத்திலிருந்து மழை. மலையில் வேலையை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அண்ணி நனைந்துகொண்டு வந்தார். குளித்து, மாற்றி, அடுப்பு மூட்டி, எனக்கென்று ஒதுக்கிய பித்தளைத் தம்ளரில் கொத்தமல்லிக் கசாயம் கொண்டு வந்து நீட்டினார். அட்டை கடித்த கால் பெருவிரலில் இன்னும் ரத்தம் நிற்கவில்லை.

நான் தம்ளரைப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கழுத்தில் மாலை கிடந்தது. அது என்னைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அது கிடப்பதே எனக்கு மறந்துபோனது.

அண்ணி கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். தம்ளரைத் தரையில் வைத்தார். கத்தவில்லை, அழவில்லை. வாசற்படியில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பேசினார். பதினைந்து நாளாக 'சாமி' என்றவர், மறுபடி மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீங்க எதுக்கு மாலை போட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

நான் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"அந்த மாலைய நம்பித்தான் மாமி போயிருச்சி. அவரும் கடிதாசி போட்டிருக்காரு, மாஸ்டர் மாலை போட்டிருக்காராமே, ரொம்ப சந்தோசம்னு. எல்லாரும் மாலைய நம்புறாங்க. நீங்களும் அதத்தான் நம்புறீங்க. இந்த ஊட்டுல ஒங்கள நம்புறது யாரு?"

"அண்ணி, மன்னிச்சிருங்க, நான்..."

"மன்னிப்பு எல்லாம் வேணாங்க. கழட்டிருங்க. கழட்டிட்டு இந்த ஊட்டுல மனுசனா இருக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா, அண்ணி, என்னால முடியலன்னு சொல்லிட்டு வேற எடம் பாத்துக்கங்க. நான் ஒங்கள கேவலமா நெனைக்க மாட்டேன். ஆனா மாலையப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ என் கையப் புடிச்சா, இதே வாசல்ல நின்னு கத்துவேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பை ஊதினார். அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த சமய பாடமும் ஒழுக்க பாடமும் அந்த ஐந்து நிமிடம்தான்.

குருசாமி கேட்டது

அன்று பின்னேரமே செல்லையாவைத் தேடிப் போனேன். லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழற்ற வேண்டும் என்றதும் அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், யார் போனது என்று.

"யாரும் போகல. என்னால விரதம் காக்க முடியல. ஒரு பொம்பளை கையப் புடிச்சிட்டேன்."

யாருடைய கை என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், கோயில் வாசலுக்குக் கூட்டிப் போனார், ஒரு சூடம் கொளுத்தி மாலையை எடுத்தார்.

"மாஸ்டர், பிழை பண்ணிட்டு மாலையோட மலைக்குப் போயிட்டு வந்த ஆளுங்கள எனக்குத் தெரியும். கழட்டணும்னு வந்தது நீங்க ஒரு ஆளுதான்" என்றார். பிறகு என் வெற்று மேலைப் பார்த்து, "குளிருது, ஒரு சட்டையப் போடுங்க" என்றார்.

மறுநாள் காலைதான் அந்தப் பீலிக்கரை விசாரணை. சாவு இல்லை என்று கடைசியில் எல்லாருக்கும் தெளிந்ததும் தொல்லை கூடியது. சாவு இல்லையென்றால் என்ன? மாஸ்டர் என்ன தப்புப் பண்ணினார்? வீட்டில் தனியாக இருப்பது யார்? கண்கள் மெல்ல அந்த வாசல் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் தண்ணீர்க் குடத்தோடு வந்த சரசு அண்ணி, பெண்கள் கூட்டத்துக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அந்தக் கருமத்த ஏன் கேக்குறீங்க! நேத்து மூணாவது ஊட்டுல கருவாடு சுட்டாங்கல்ல? வாசம் சுவருக்கு மேல வந்திச்சி. மனுசனால தாங்க முடியல. போயி ஒரு துண்டு வாங்கித் தின்னுட்டாரு. அப்புறம் எப்படி மாலை?"

பீலிக்கரையே வெடித்துச் சிரித்தது. மூன்றாவது வீட்டுக்காரி, ஒரு துண்டு அல்ல, இரண்டு துண்டு கொடுத்தேன் என்று தானாகவே சாட்சி சொன்னாள். ஏன் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் புண்ணியவதி வாழ்க.

அன்றிலிருந்து நான் கருவாட்டு மாஸ்டர். இடமாற்றம் வாங்கிப் போகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. பிள்ளைகள் கரும்பலகையில் மீன் வரைந்து வைப்பார்கள். கோபம் வந்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டப்பெயர் இருக்கிறவரைக்கும் அண்ணியின் பெயருக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது இதை எழுதட்டுமா என்று அண்ணன், அண்ணி இரண்டு பேரிடமும் கேட்டபோது அண்ணன் தலையாட்டினார். அவருக்கு இந்தக் கதையை அண்ணியே எப்போதோ சொல்லிவிட்டார். அண்ணி போட்ட ஒரே நிபந்தனை, "கருவாட்ட விட்டுறாதீங்க மாஸ்டர்."

நாலு நாள்

மாலை கழன்ற செய்தி நிவித்திகலவுக்குப் போய்ச் சேர்ந்ததும், பேரப்பிள்ளையை அப்படியே போட்டுவிட்டுக் காளியம்மா ஓடி வந்தார். மாலை இல்லாத ஆம்பிளையை நம்பி வீட்டை விட முடியுமா? அவர் வர நாலு நாள் ஆனது.

அந்த நாலு நாள்தான் என் விரதம். சாமி இல்லை, மாமியார் இல்லை, பயமுறுத்த யாரும் இல்லை. ஆசை போய்விட்டதா என்றால், இல்லவே இல்லை. வீட்டு நாய் போல அதுவும் காலடியிலேயே கிடந்தது. நான் புதிதாகச் செய்தது ஒன்றுதான். அண்ணியைப் பார்க்காமல் ஒளிவதை விட்டுவிட்டு, நேராகப் பார்த்துப் பேசினேன். கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டேன். கங்காணி இன்றைக்கும் ஏசினானா என்று கேட்டேன். நானே விறகு உடைத்தேன், என் கோப்பையை நானே கழுவினேன். அவர் அண்ணனுக்குக் கடிதம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "சீக்கிரம் வாங்க" என்று அவர் சொன்ன இடத்தில் என் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது. முடிந்தது. என்னால் முடிந்தது!

பாடசாலை விடுமுறை வந்தது, ஊருக்குப் போனேன். தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது, டவுனில் அறை பார்த்திருக்கிறேன் என்று சொல்லி வெளியேறினேன். இருக்க முடியாமல் அல்ல. ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு அந்த இஸ்தோப்பு தேவை என்பதற்காக.

பஸ் ஸ்டாண்டில்

பதின்மூன்று பதினான்கு வருடங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். யுத்தம் முடிகிற காலம். பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் சரசு அண்ணியைக் கண்டேன். கொழும்புக்குப் பெட்டி கொண்டு போக வந்திருந்தார். தலையில் நரை, கையில் அதே கொழுந்துக் கறை. மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள் என்றார்.

இத்தனை வருடம் தொண்டையில் இருந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதுனாலதான் நான் மனுசனா இருக்கேன். என் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னால தலை நிமிந்து நிக்கிறேன். என்னைய நம்புனீங்க பாருங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"நான் ஒங்கள நம்புனேன்னா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க இத்தன நாளா?"

"இல்லையா?"

"மாஸ்டர், எனக்கு அப்ப இருவத்திரெண்டு வயசு. கல்யாணம் முடிச்ச கையோட அவரு போயிட்டாரு. நீங்க கையப் புடிச்சப்ப நான் ஒடனே எடுக்கல. ஏன் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லியா?"

அவர் பெட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டார்.

"ஒங்களுக்குப் போட்டுக்க ஒரு மாலையாச்சும் இருந்திச்சி. என் வயசுப் பொம்பளைக்கு அதுவும் கெடையாது. கழட்டுங்கன்னு ஒங்களுக்கா சொன்னேன்? நான் ஒருத்தி என் மனசத் தனியா புடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்களும் சேந்து புடிச்சீங்கன்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னு சொன்னேன்."

பஸ் வந்து நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறப்போனார். நான் ஓடிப்போய், அந்தச் சனத்துக்கு நடுவில், அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.